நிலையான வேலையும் நிலையான அறமும்



கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா என்னும் கேள்வி இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களில் நம் முன்னோர் நிலத்தை நம்பி வாழ்ந்தனர். அவர்தம் மக்களாகிய நம் தலைமுறையினர் ஆசிரியப் பணியையும் அலுவலகப் பணியையும் நம்பினோம். மாதம் பிறந்தால் ஊதியம், முதுமையில் ஓய்வூதியம் என்னும் ஒழுங்கில் வாழ்ந்து பழகிவிட்ட நமக்கு, அவ்வொழுங்கிலிருந்து ஒருவன் வெளியேற நினைக்கின்றான் என்றாலே அச்சம் பிறக்கின்றது. அந்த அச்சத்தையே அறிவுரை என்று எண்ணிக்கொண்டு இளையோருக்கு வழங்கியும் விடுகிறோம். அவ்வாறு நாம் வழங்கிய ஓர் அறிவுரையையும், அது பிழையானதையும் முன்வைத்து இக்கேள்வியை ஆராய விரும்புகிறோம்.

ஆசிரியப் பயிற்சி முடித்து, பணியின் பொருட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்து, சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இந்நகரிலேயே தங்கிவிட்டோம். நம் தம்பியின் மகன் ஒருவன் நம்மைப் பின்பற்றி இங்கு வந்து, நூற்பாலை ஒன்றின் கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தான். 14 ஆண்டுகள் அங்குப் பணிபுரிந்தான். 2012 ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்வதற்கு முன் நம்மோடு உணவருந்திவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னான்.

"அத்தை, வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சின்ன வண்டி ஒன்று வாங்கி ஓட்டப் போகிறேன். முன்பணத்துக்கு உங்களிடம் கொஞ்சம் கேட்கலாமா என்று வந்தேன்."

அவன் குறிப்பிட்டது, 2005 ஆம் ஆண்டு டாடா நிறுவனத்தார் 'ஏஸ்' என்னும் பெயரில் கொண்டுவந்த சிற்றுந்து. நம் மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் சூட்டிவிட்டனர். பெரிய லாரி நுழைய முடியாத வயல் வரப்புச் சாலைகளிலும் சந்து பொந்துகளிலும் அது நுழைந்து செல்லும். திண்டுக்கல் சமவெளியில் விளையும் தக்காளி, முருங்கை, வெங்காயம் முதலியவற்றை ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டு சேர்த்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. ஒட்டன்சத்திரத்திலிருந்து நாள்தோறும் கேரளத்திற்குக் காய்கறி செல்வதை அறியாதார் இல்லை.

நாம் எண்ணிப் பார்க்கவே இல்லை. "வேண்டாம் அப்பா. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளையாடாதே. மாதச் சம்பளத்தை விடாதே" என்று கூறி, பணமும் தர மறுத்துவிட்டோம். அவன் தலை குனிந்து சிறிது நேரம் அமர்ந்திருந்தான். பின்னர், "சம்பளத்துக்காக விடவில்லை அத்தை. நான் எழுதுகிற கணக்கு எனக்குத் தூக்கம் தரவில்லை" என்றான்.

அவன் எழுதிய கணக்கு யாதெனில், ஆலை விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களின் கணக்கு. மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தால் முடிவில் திருமணத்திற்கு உதவியாக மொத்தத் தொகை ஒன்று தரப்படும் என்று சொல்லி ஏழைக் குடும்பத்துப் பெண்களைச் சேர்க்கும் முறை, 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரால் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதிகளின் நூற்பாலைகள் பலவற்றில் இருந்தது என்பதை அன்பர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அவன் பணிபுரிந்த ஆலையிலும் அம்முறை இருந்தது. நோயுற்றோ, மனம் ஒடிந்தோ, காலக்கெடு முடியும் முன் ஊர் திரும்பிய பெண்ணுக்கு அம்மொத்தத் தொகை கிடைக்காது. அப்பெண்ணின் பெயருக்கு நேரே கோடு கிழிப்பது அவன் வேலை. இரண்டு மாதம் குறைந்ததால் அனைத்தையும் இழந்து சென்ற ஒரு பெண்ணைப் பற்றி அவன் சொன்னபோது, நம்மிடம் ஐந்தாம் வகுப்புப் படித்துவிட்டுப் பின் பஞ்சாலைக்கு அனுப்பப்பட்ட மாணவியர் சிலரின் முகங்கள் நம் கண்முன் வந்தன. எனினும் நாம் நம் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. "நீ எழுதாவிட்டால் வேறொருவன் எழுதப் போகிறான்" என்று கூறினோம்.

அன்பர்களே, தீவினை மூவகையால் நம்மை வந்தடையும் என்று நம் ஆசான்கள் கற்பித்துள்ளனர். தானே செய்தல் ஒன்று. பிறரைக் கொண்டு செய்வித்தல் ஒன்று. பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஒன்று. வடமொழியில் இவற்றைக் கிருதம், காரிதம், அனுமோதனம் என்பர். சிறு வயதிலேயே மனப்பாடம் செய்த இப்பாடத்தை அன்று நாம் மறந்தோம். அவன் உடன்பாட்டிலிருந்து விடுபட வழி தேடினான். நாமோ அவ்வுடன்பாட்டில் அவனை நிலைநிறுத்த முயன்றதன் வாயிலாக நாமும் அதற்கு உடன்பட்டோம். நிலையான வேலை என்று நாம் போற்றியது நிலையான தீமையாகவும் இருக்கக்கூடும் என்பது அன்று நம் அறிவிற்கு எட்டவில்லை.

இனி, வேலையை விட்டு வணிகத்தில் இறங்குதல் தன்னளவில் குறையுடையதா என்று பார்ப்போம். ஆதிபகவன் உலகோர்க்குக் கற்பித்த வாழ்க்கைத் தொழில்கள் ஆறு என்பது நம் மரபு. அசி, மசி, கிருஷி, வித்யை, வாணிஜ்யம், சில்பம் என்பன அவை. படைத்தொழில், எழுத்துத்தொழில், உழவு, கல்வி, வணிகம், கைவினை எனத் தமிழில் கூறலாம். நம் ஆசிரியப் பணி வித்யையில் அடங்கும். அவன் செய்த கணக்கு வேலை மசியில் அடங்கும். வண்டி ஓட்டிப் பொருள் கொண்டு சேர்த்தல் வாணிஜ்யத்தில் அடங்கும். ஆறும் இல்லறத்தானுக்கு உரியனவே. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்பவன் மேலிருந்து கீழே விழுந்தான் என்று கூற இடமில்லை.

வண்டியேறி வணிகம் செய்தல் இத்தமிழ் நிலத்திற்குப் புதியதும் அன்று. கடற்கரை உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்ற உமணர்களைச் சங்க நூல்கள் விரிவாகக் காட்டுகின்றன. மேடு பள்ளங்களில் வண்டியின் அச்சு முறிந்தால் என்செய்வது என்று முன்னதாகவே எண்ணி, மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு அவர்கள் சென்றதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்கியுள்ளார். மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகைத்தளத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில், கொடையளித்தவர்களாக உப்பு வணிகரும், கொழு வணிகரும், பொற்கொல்லரும் குறிக்கப்பெற்றுள்ளனர். வெயிலிலும் புழுதியிலும் வண்டியோடு அலைந்து ஈட்டிய பொருளின் ஒரு பகுதி, துறவியர் தங்கும் கற்படுக்கையாயிற்று.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. நம் தம்பி மகன் அன்று நம்மிடம் எடுத்துரைத்த சான்றும் அதுவே. 1877 ஆம் ஆண்டு திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார், தந்தையாரின் விருப்பப்படி வழக்குரைஞராகத் தொடங்கி, பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றியவர். அப்பணியை உதறிவிட்டு, 34 வயதளவில், 1911 ஆம் ஆண்டு தம் பெயரில் நிறுவனம் கண்டு, அடுத்த ஆண்டு மோட்டார் பேருந்துத் தொழிலில் இறங்கினார். மோட்டார் வண்டியைக் கண்டு மக்கள் வியந்து நின்ற காலம் அது. அவருடைய பேருந்துகளும் லாரிகளும் பின்னர் 'சதர்ன் ரோட்வேஸ்' என்னும் பெயரில் ஓடின. டி.வி.எஸ். பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது மதுரைச் சீமைப் பெரியோர் வழக்கமாகச் சொல்லும் சொல். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காத நிலையில், கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை இயக்கும் கருவியை அவர் நிறுவனம் செய்தளித்தது.

திண்டுக்கல் வாழ் மக்களாகிய நமக்கு அவரோடு மற்றொரு தொடர்பும் உண்டு. சின்னாளப்பட்டிக்கு அருகில் 1947 ஆம் ஆண்டு காந்திகிராமத்தைத் தோற்றுவித்த மருத்துவர் சௌந்தரம் அம்மையார் அவருடைய மகளார். இளம் வயதில் கணவரை இழந்த மகளை, அக்கால வழக்கப்படி மூலையில் அமர்த்தாமல், தில்லிக்கு அனுப்பி மருத்துவம் பயில்வித்தார் அத்தந்தை. அம்மையார் நினைத்திருந்தால் வளமனையில் வாழ்ந்திருக்கலாம். அவரோ கிராம மக்களின் மருத்துவத்திற்கும் கல்விக்கும் வாழ்நாளை ஈந்தார். தந்தை பாதுகாப்பான வேலையை விட்டார்; மகள் பாதுகாப்பான வாழ்வையே விட்டார்.

இச்சான்றை மறுக்க இயலாது. ஆயினும் இதனை அளவுக்கு மேல் நீட்டுதலும் கூடாது. வென்ற ஒருவரின் பெயரை உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. தவணை கட்ட இயலாமல் வண்டியைப் பறிகொடுத்தவர்களின் பெயரை எவரும் எழுதிவைப்பதில்லை. திண்டுக்கல் நகரின் புறத்தே நிதி நிறுவனத்தார் மீட்டுக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கும் வண்டிகளைக் காணும்போதெல்லாம், அவற்றின் பின்னே எத்தனை குடும்பங்களின் நகைகள் கரைந்தன என்று எண்ணிக்கொள்வோம். சுந்தரம் அய்யங்கார் உருவாக்கிய பேருந்துத் தொழிலும் நிலைத்து நிற்கவில்லை. அவர் 1955 ஆம் ஆண்டு மறைந்தார். 1972 ஆம் ஆண்டு அப்பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. வேலையும் நிலையில்லாதது, தொழிலும் நிலையில்லாதது. எது நிலைக்கும் என்று கேட்டு வாழ்க்கைத் தொழிலைத் தேர்ந்தால் விடை கிடைக்காது. எதைச் செய்தால் உள்ளம் தூய்மையாக இருக்கும் என்று கேட்பதே முறை.

அவ்வாறாயின், வேலையை விட விரும்புவோன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் எவை? மூன்றினைக் கூறுவோம்.

முதலாவது, இதனால் வரும் துன்பத்தைத் தாங்கப் போகிறவர் யார்? குந்தகுந்த ஆசாரியர் தம் பிரவசன சாரத்தில், துறவு பூண விழைபவன் சுற்றத்தாரிடமும் பெற்றோர், மனைவி, மக்களிடமும் விடைபெற்றுச் செல்ல வேண்டும் என்று விதித்துள்ளார். அனைத்தையும் துறந்து வீடுபேற்றினை நாடுபவனுக்கே இவ்விதி உண்டென்றால், ஒரு வேலையைத் துறந்து வண்டி வாங்குபவன் மனைவியின் இசைவின்றிச் செய்வது எவ்வாறு தகும்? நம் தம்பி மகன் இவ்வகையில் நம்மைக் காட்டிலும் அறிவுடையவனாயிருந்தான். நம்மிடம் வருவதற்கு முன்பே மனைவியிடம் இரவு பகலாகப் பேசியிருந்தான். நாம் பணம் மறுத்த மறுவாரம் அப்பெண் தன் கைவளையல்களைத் தானே கழற்றிக் கொடுத்தாள். "அவர் தூங்கினால் போதும் பெரியம்மா" என்று நம்மிடம் சொன்னாள்.

இரண்டாவது, எவ்வளவு போதும்? பொருளுக்கு வரம்பிட்டுக்கொள்ளும் பரிகிரகப் பரிமாணம் இல்லறத்தாரின் ஐந்து அணுவிரதங்களில் ஒன்று. வேலையில் இருப்பவனுக்கு ஊதியமே ஒரு வரம்பு. அதனைப் பிறர் இட்டுவிடுகின்றனர். தொழில் செய்பவனுக்கோ வரம்பில்லை. ஒரு வண்டி இரண்டாகலாம், இரண்டு பத்தாகலாம். ஆகவே அவனே தனக்கு வரம்பிட்டாக வேண்டும். அதுவும் தொடங்கும் முன் இட வேண்டும்; பணம் புரளத் தொடங்கிய பின் இட மனம் வராது.

மூன்றாவது, எதை ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது? இதனைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

இல்லறத்தான் விலக்க வேண்டிய கொடுந்தொழில்கள் பதினைந்து என ஒரு பட்டியல் உண்டு. ஆசாதரர் தம் சாகார தர்மாமிர்தத்தில் அதனை எடுத்துக்காட்டுகிறார். வண்டியால் பிழைத்தலும், வாடகைக்குச் சுமை ஏற்றுதலும் அதில் அடக்கம். இதைப் படித்தவர் எவரோ அவனிடம், "உன் தொழிலே ஆகாத தொழில்" என்று கூறிவிட்டார். அவன் கலங்கி வந்து கேட்டான். விலக்கியதன் காரணம் யாது என்று முதலில் காண வேண்டும் என்று நாம் விடையளித்தோம். வண்டி என்றால் அக்காலத்தில் காளை. மூக்கணாங்கயிறும் தார்க்கோலும் அதன் வாழ்வு. அவ்வுயிரின் துன்பத்தை விற்றுப் பிழைக்காதே என்பதே கட்டளையின் உட்பொருள். இயந்திர வண்டி வந்து அக்காளையை நுகத்தினின்றும் விடுவித்துள்ளது. எனினும் சாலையில் செல்லும் எவ்வூர்தியும் சிற்றுயிர்களை வதைக்காமல் செல்வதில்லை. வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சை வேறு. தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் உத்யோக இம்சை வேறு. முன்னதை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும். பின்னதை இயன்றவரை குறைக்க வேண்டும்.

அவன் அதன்படியே தொடங்கினான். கேரளத்திற்குச் செல்லும் அடிமாடுகளையும், கறிக்கோழிக் கூண்டுகளையும், நகரின் தோல் பதனிடும் தொழிற்கூடங்களுக்கான தோல்களையும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தான். வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலையைப் பற்றி ஐயுற்று நம்மைக் கேட்டான். அதையும் விட்டுவிடு என்றோம். இரவில் உண்ணாமையைக் காப்பதற்காகக் கட்டுச்சோறு கொண்டுசென்று, கதிரவன் மறையும் முன் சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி உண்டான். நாமும் மனம் மாறி, முதலில் மறுத்த தொகையைக் கொடுத்தோம்.

இவ்வளவு நோன்புகளையும் காத்தவன் வேறோரிடத்தில் சறுக்கினான். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கொல்லாமை விரதத்திற்கு நேரும் ஐந்து குற்றங்களைக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. மிகுசுமை ஏற்றலை அதிபாராரோபணம் என்பர். வள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில், மயிற்பீலி போன்ற மெல்லிய பொருளாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை உணர்த்துகிறார். நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் பள்ளியில் ஒப்புவித்த குறள் அது.

குட்டியானை ஏற்றத்தக்க சுமை முக்கால் டன். அதாவது 750 கிலோ. சந்தையில் எவரும் அக்கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரு நடைக்கு ஒன்றரை டன் ஏற்றினால்தான் வாடகை கட்டுபடியாகும் என்பது வழக்கமாகிவிட்டது. சரியான அளவு ஏற்றுகிறேன் என்பவனுக்கு அடுத்த நாள் வாடகை வராது. முதல் ஆண்டு அவன் மறுத்துப் பார்த்தான். இரண்டு தவணைகள் தவறின. இரண்டாம் ஆண்டு ஏற்றத் தொடங்கினான். நம் இல்லத்துப் பெரியவர் ஒருவர், "சாஸ்திரம் மாட்டுக்குச் சொன்னது. இயந்திரத்துக்கு உயிர் ஏது? அது அழுவதில்லையே" என்று அவனுக்குத் தேறுதலும் கூறினார். நாம் அருகில் இருந்தோம், மறுத்துரைக்கவில்லை.

2014 ஆம் ஆண்டு, சிறுமலையிலிருந்து வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு இறங்கினான். அம்மலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறக்கத்தில் கனத்த வண்டியை முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ, இயந்திரத்தின் பிடிப்பிலேயே இறக்க வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழந்துவிடும். வண்டியில் இருமடங்குச் சுமை. கிளீனராக இருந்த இளைஞன் உள்ளே இடமிருந்தும், தார் சரியாமல் பார்த்துக்கொள்ள மேலே அமர்ந்திருந்தான். பாதி மலை இறங்கியபோது பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்தில் விழாமல் காக்க அவன் வண்டியை மலைப்பக்கம் திருப்பி மோதினான். அவனுக்குச் சிராய்ப்புகள் மட்டுமே. மேலிருந்த இளைஞன் தூக்கி எறியப்பட்டுத் தொடை எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தவன் நம்மைக் கண்டதும், "அத்தை, நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். வேலையை விட்டது தப்பு" என்று அழுதான். நாம் அன்று சொல்ல நினைத்ததும் அதுவே. ஆனால் உள்ளே கட்டிலில் கிடந்த இளைஞனின் தாயைப் பார்த்த பின் அச்சொல் வாயில் எழவில்லை. அவன் ஆலையிலேயே இருந்திருந்தால் இவ்விளைஞனின் கால் முறிந்திருக்காது. ஆயின் எத்தனையோ பெண்களின் பெயர்களுக்கு நேரே அவன் கோடு கிழித்துக்கொண்டிருப்பான். அவை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வந்து கிடப்பதில்லை. ஆகையால் நம் கண்ணிற்குத் தெரிவதில்லை. அவ்வளவே வேறுபாடு.

இங்குத்தான் நாம் கண்ட உண்மை ஒன்றைக் கூற வேண்டும். வேலையில் இருப்பவன் பெரும்பாலும் பிறர் செய்யும் தீமைக்கு உடன்படுபவனாக இருக்கிறான். தொழில் தொடங்கியவன் தானே செய்பவனாகவும் செய்விப்பவனாகவும் ஆகிறான். ஆலையில், "மேலே சொன்னார்கள், எழுதினேன்" என்று கூற அவனுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. மலைப்பாதையில் அவனுக்கு மேலே எவரும் இல்லை. சொந்தத் தொழில் என்பது விடுதலை என்று இளைஞர் எண்ணுகின்றனர். விடுதலை உண்மைதான், பழியைச் சுமத்துவதற்கு ஆளில்லாத விடுதலை அது. அதனைத் தாங்க முடியுமா என்பதையே வேலையை விடுபவன் முதலில் எண்ண வேண்டும்.

அவன் செய்த பிழை வேலையை விட்டது அன்று. அளவுக்கு மேல் ஏற்றியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அவனுக்கு எடுத்துரைத்தோம். "இயந்திரம் அழாது என்று பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோமே, அதில் நமக்கும் பங்கு உண்டு" என்றும் சொன்னோம்.

இளைஞன் எழுந்து நடக்க ஆறு மாதங்கள் ஆயின. அந்த ஆறு மாதமும் நம் தம்பி மகன் அவனுக்குரிய கூலியைக் குறைக்காமல் அவன் வீட்டிற்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். மருத்துவச் செலவையும் ஏற்றான். அதற்காக மனைவியின் எஞ்சிய நகையும் சென்றது. தவணை தவறி வண்டி கைவிட்டுப் போகும் நிலை இருமுறை வந்தது. அப்போதும் கூலியை நிறுத்தவில்லை. அவன் அறத்தொடு நின்ற காலம் எதுவென்று கேட்டால், கட்டுச்சோறு கட்டிச்சென்ற முதல் ஆண்டைக் காட்டிலும் இந்த ஆறு மாதங்களையே நாம் சொல்வோம்.

அவ்விளைஞன் குணமான பின், நாங்கள் அனைவரும் பழனிக்கு அப்பாலுள்ள ஐவர்மலைக்குச் சென்றோம். அங்குப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டாகிய கி.பி. 870 இல், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவப் படாரரின் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன் அறக்கட்டளையாக வைத்ததை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கின்றது. அவர் புதிய உருவம் ஒன்றைச் செய்து பழையதைக் கைவிடவில்லை. பழைய உருவத்தையும் காலத்தால் தேய்ந்தது என்று விட்டுவிடவில்லை. தேய்ந்ததைத் திருத்திப் புதுக்கினார்.

விரதங்களையும் அவ்வாறே புதுக்க வேண்டும் என்று அன்று நமக்குத் தோன்றியது. மிகுசுமை ஏற்றாதே என்பது காளைக்குச் சொல்லப்பட்டது உண்மை. காளை போய்விட்டது, ஆகவே விரதமும் போய்விட்டது என்றால், சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டவர்களாவோம். இன்று அச்சுமையைத் தாங்குபவர் யார்? சுமைக்கு மேலே அமர்ந்திருக்கும் கிளீனர். இரவெல்லாம் கண்விழித்து ஓட்டும் ஓட்டுநர். எதிரே மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் பிள்ளை. இவர்களுக்கெல்லாம் உயிர் உண்டு, இவர்கள் அழுவர். 1961 ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என்று வரையறுத்தது. ஐவருக்குக் குறைந்தோர் பணிபுரிந்த இடங்களுக்கு அச்சட்டம் பொதுவாகப் பொருந்தவில்லை. ஒற்றை வண்டிக்காரனுக்கு அதனால் அது வரம்பாகவில்லை; ஆனால் ஓட்டுநரின் கண் தூக்கத்திற்கு ஏங்குவது ஒற்றை வண்டியிலும் ஒன்றே. மிகுசுமைக்கு அபராதம் முன்னர் 2,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 1,000 ரூபாயுமாக இருந்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 20,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயுமாக உயர்ந்தது. சட்டம் எட்டும் தொலைவு வரை அது காக்கும். எட்டாத மலைப்பாதையில் விரதமே காக்க வேண்டும்.

ஐவர்மலையடியில் அவன் இரண்டு உறுதிகளை மேற்கொண்டான். வண்டிக்கு விதித்த அளவிற்கு மேல் ஏற்றுவதில்லை என்பது ஒன்று. இரண்டு வண்டிகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்பது மற்றொன்று. வாடகை பாதியாகக் குறைந்தது. சந்தைக்காரர் பலர் அவனை விட்டனர். அழுகாமல், நசுங்காமல், நேரத்திற்குப் பொருள் வந்தால் போதும் என்று எண்ணிய சிலர் மட்டும் அவனிடம் நிலைத்தனர். முருங்கையும் பூவும் திராட்சையும் மிகையாக அடுக்கினால் கெடும் பொருள்கள் ஆதலின், அவற்றை விளைவிப்போர் அவனைத் தேடினர். இன்று அவனிடம் இரண்டு வண்டிகள் உள்ளன. இரண்டாவது வண்டியை ஓட்டுபவன் கால் முறிந்த அந்த இளைஞனே. அவன் செல்வனாகிவிட்டான் என்று கூற மாட்டோம். ஆலையிலேயே இருந்திருந்தால் கையில் இன்னும் சற்று மிகுந்திருக்கலாம். அடகில் சென்ற வளையல்களில் ஒன்றே திரும்பியுள்ளது.

ஆகவே நம்மிடம் வந்து, "வேலையை விடலாமா?" என்று கேட்கும் இளைஞருக்கு, "வேண்டாம்" என்று நாம் இப்போது உடனே சொல்வதில்லை. "விடு" என்றும் சொல்வதில்லை. ஏன் விடுகிறாய் என்று கேட்கிறோம். பிறன் செல்வத்தைக் கண்டு எழுந்த ஆசையால் விடுகிறாயா, உள்ளத்தை உறுத்தும் தீமையிலிருந்து விலக விடுகிறாயா என்று கேட்கிறோம். வீட்டார் இசைந்தனரா என்று கேட்கிறோம். எவ்வளவு போதும் என்று முன்னரே எழுதி வைத்துக்கொண்டாயா என்று கேட்கிறோம். உன்னை நம்பி உன்னோடு வேலை செய்ய வருபவனுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால், உன் தவணைக்கு முன் அவன் கூலியை வைப்பாயா என்றும் கேட்கிறோம். இந்நான்கிற்கும் தயங்காமல் விடை கூறுபவன் எத்தொழிலில் இறங்கினாலும் நம் வாழ்த்து அவனுக்கு உண்டு. கூற இயலாதவன் நிலையான வேலையில் இருந்தாலும் அவனுக்காக நாம் கவலைப்படவே செய்வோம்.

பெற்றோர்களே, பெரியோர்களே! பிள்ளைகள் நம்மிடம் தயங்கித் தயங்கி வந்து ஒன்று சொல்லும்போது, சம்பளத்தைப் பற்றி மட்டும் கேளாதீர்கள். "உனக்குத் தூக்கம் வருகிறதா?" என்றும் கேளுங்கள். அன்று நாம் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.

அறம் வளர்க!